சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகச் சைக்கிளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் நெடுந்தூரம் போக நினைப்பவர்கள் பாதை, சைக்கிள், சாப்பாடு பற்றிக் கேட்பதோடு, முன்பின் தெரியாத ஊரில் ராத்திரி எங்கே படுப்பது, யாரிடம் எப்படிக் கேட்பது என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது வகைக் கேள்விகளுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். நல்ல சைக்கிளைக் கடையில் வாங்கிவிடலாம். ஊர்க்காரர்களிடம் நடந்துகொள்ளும் முறையை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பாதை எப்படிப் போகிறது? மொத்தம் எவ்வளவு தூரம்?

திருவான்மியூரில் தொடங்கி மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம். பிறகு கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம், கன்னியாகுமரி. சுற்றுவழி எதுவும் சேர்க்காமல் ஏறக்குறைய 750 முதல் 800 கிலோமீட்டர் வரும். ராமேசுவரம் போய்வர ராமநாதபுரத்திலிருந்து ஒரு வழிக்கு 55 கிலோமீட்டரும், அங்கிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு இன்னொரு 20 கிலோமீட்டரும் கூடும். வேதாரண்யம், கோடியக்கரை பார்க்க வேண்டுமென்றால் வேளாங்கண்ணிக்குப் பிறகு தெற்கே இறங்கித் திரும்ப வேண்டும்.

பாதை முழுக்கச் சமவெளிதான். கொள்ளிடம் பாலம், பாம்பன் பாலம் போன்றவற்றைத் தவிர ஏற்றமே கிடையாது. முதல்முறை நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இந்த வழியைச் சொல்வதற்கு அதுதான் காரணம். அவசரமில்லாமல் போனால் 11 முதல் 14 நாள்.

எந்த மாதம் கிளம்புவது நல்லது?

தை, மாசி. அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், காற்று மட்டும் இன்னும் வடகிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருக்கும். தெற்கே போகிறவர்களுக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை வேண்டவே வேண்டாம். புயல் சின்னம் உருவானால் கடலூரிலிருந்து வேதாரண்யம் வரை சாலையே மூழ்கிவிடக்கூடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் விடுமுறை கிடைக்கும் என்றால் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். கன்னியாகுமரியில் ஆரம்பித்து வடக்கே வாருங்கள். அந்த மாதங்களில் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும். தூத்துக்குடிக்குத் தெற்கே எதிர்க்காற்றில் மிதித்தால் மணிக்கு 8 கிலோமீட்டர் போவதே பெரும்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காட்டுச் செம்மணல் காற்றில் எழுந்து கண்ணில் விழும், செயினிலும் அப்பிக்கொள்ளும்.

நாட்காட்டியில் இரண்டு விசேஷங்களையும் பாருங்கள். தைப்பூசத்தை ஒட்டி திருச்செந்தூர்ச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும் வேளாங்கண்ணித் திருவிழாவின்போது நாகை பக்கம் தங்க இடம் கிடைக்காது. ஆனால் அந்த நாட்களில் வழிநெடுக மோர்ப் பந்தலும் சாப்பாட்டுப் பந்தலும் போட்டிருப்பார்கள். நடந்து போகிறவர்களுக்கென்று வைத்தது என்றாலும் சைக்கிள்காரரைப் பார்த்தால் மடக்கி உட்கார வைத்துத்தான் அனுப்புவார்கள்.

கியர் சைக்கிள் கட்டாயமா?

இந்தப் பாதைக்கு இல்லை. பால்காரர் ஓட்டும் 28 அங்குல சாதாரண சைக்கிளே போதும். கிளம்பும் முன் ஓவராய்லிங் செய்து, இரண்டு சக்கரத்திலும் பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, புது பிரேக் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கியர் சைக்கிளின் லாபம் எதிர்க்காற்றில்தான் தெரியும்.

எதை எடுத்தாலும் ஒன்றைப் பாருங்கள்: சாயல்குடியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் தன்னிடம் இருப்பதை வைத்து இதைச் சரிசெய்ய முடியுமா? இரும்பு ஃபிரேம், 26 அங்குல சக்கரம், சாதாரண ரிம் பிரேக் என்றால் முடியும். கார்பன் ஃபிரேம், ஆயில் டிஸ்க் பிரேக் என்றால் முடியாது. 700 அளவு டயருக்கு மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ பார்சல் வரக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

டியூப் வால்வு பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

காற்றடிக்கும் வசதி அதைப் பொறுத்திருப்பதால்தான். நம் ஊரில் மூன்று வகை வால்வு ஓடுகிறது. சாதாரண சைக்கிளில் வால்டியூப் போட்ட பழைய வகை. எல்லாக் கிராமத்துச் சைக்கிள் கடைப் பம்பும் இதற்குப் பொருந்தும். இரண்டாவது மோட்டார் சைக்கிளில் இருப்பது. பெட்ரோல் பங்க்கிலும் டூவீலர் பஞ்சர் கடையிலும் அடித்துக்கொள்ளலாம். மூன்றாவது விலையுயர்ந்த சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஞ்சு வால்வு. இதற்கு வழியில் எங்கும் பம்ப் இல்லை.

உங்கள் சைக்கிளில் மூன்றாவது வகை இருந்தால், காற்றடிக்க ஒரு சிறிய பித்தளை அடாப்டரை வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி, ரிம்மில் உள்ள 6.5 மில்லிமீட்டர் துளையை 8.5 ஆகத் துளைத்து, ஓரத்தை அரத்தால் மழுக்கிவிடுவது. ரிம் ஒடுக்கமாக இல்லாதவரை இதில் கெடுதல் இல்லை. அதன் பிறகு எந்த டியூபும் போடலாம். அவசரத்துக்கு 700-38 டயருக்குள் 28 அங்குல 1½ டியூபைக்கூட மடிப்பு விழாமல் நுழைத்து ஓட்டிவிடலாம்.

பஞ்சர் அடிக்கடி ஆகுமா?

ஆகும். மணமேல்குடியிலிருந்து தூத்துக்குடி வரை சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம். வெட்டிய முள்ளை வண்டியில் ஏற்றிப் போகும்போது கிளைகள் தார்ச்சாலையிலேயே விழும். அந்த முள் டயரில் ஏறினால் வெளிப்பக்கம் முறிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் நின்றுவிடும். பார்த்தால் தெரியாது. டியூபை ஒட்டிப் போட்டு 2 கிலோமீட்டர் போனதும் அதே இடத்தில் மறுபடி குத்தும். "கடைக்காரர் சரியாக ஒட்டவில்லை" என்று பலரும் நினைப்பது இதனால்தான்.

டயரின் உட்புறத்தில் ஒரு கைப்பிடிப் பஞ்சை வைத்து மெதுவாகச் சுற்றிலும் தேய்த்து வாருங்கள். மயிரளவு நுனி இருந்தாலும் பஞ்சு அங்கே சிக்கி நூலாக இழுபடும். விரலால் தேய்த்தால் விரலில்தான் ஏறும். சிக்கிய இடத்தில் நகவெட்டியின் கூர்முனையால் தள்ளி, வெளியிலிருந்து இடுக்கியால் பிடுங்குங்கள். பிறகு அந்தச் சுற்று முழுவதையும் இன்னொரு தடவை பஞ்சால் பாருங்கள், ஒரே கிளையில் மூன்று நான்கு முள் ஏறியிருக்கும். லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பிகளும் இதே வேலையைச் செய்யும். அவை பெரும்பாலும் சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கிடக்கும்.

ஒட்டும்போது உப்புத்தாளால் டியூபின் பளபளப்பு போகும்வரை தேய்த்து, சொல்யூஷனை ஒட்டைவிட அகலமாகத் தடவி, ஐந்து நிமிடம் விடுங்கள். தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகுதான் ஒட்டை வைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே வைத்து அழுத்தினால், மதியம் ஒரு மணிக்குத் தார் சூட்டில் ஒட்டு வழுக்கி நகர்ந்துவிடும். சாலையோரத்தில் உச்சி வெயிலில் ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். மாற்று டியூப் இரண்டு வைத்திருந்து மாற்றிவிட்டு, சாயங்காலம் நிழலில் ஒட்டுங்கள்.

ஸ்போக்ஸ் உடைந்தால்?

உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் பக்கம். சுமையும் மிதியும் சேர்ந்து விழுவது அங்கேதான். அந்த ஸ்போக்ஸை மாட்ட ஃப்ரீவீலை (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம்) கழற்ற வேண்டும், கழற்ற அதற்கென்ற கருவி வேண்டும். கியர் சைக்கிளின் ஃப்ரீவீலுக்கு உரிய கருவி கிராமக் கடையில் இருக்காது. உங்களுடையதை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், திருகுவதற்குப் பெரிய ஸ்பேனர் எந்த ஒர்க்ஷாப்பிலும் கிடைக்கும். உங்கள் சக்கரத்தின் அளவிலேயே நான்கு ஸ்போக்ஸை ஃபிரேமின் கீழ்க்கம்பியில் இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வையுங்கள். ஒன்று உடைந்தால் உடனே நின்று, உடைந்ததைப் பக்கத்து ஸ்போக்ஸில் சுற்றிவிட்டு அடுத்த ஊரில் பெண்டு எடுங்கள். அப்படியே ஓட்டினால் அடுத்தடுத்த ஸ்போக்ஸும் போகும்.

எவ்வளவு சுமை? என்னென்ன எடுக்க வேண்டும்?

தண்ணீர் நீங்கலாக 12 கிலோவுக்குள் அடக்குங்கள். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் கனமானது கீழே, சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே கட்டினால் பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது வண்டி ஆடும். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். கேரியர் போல்ட் அதிர்ச்சியில் கழன்று விழுவதுதான் இந்தப் பயணத்தில் சாதாரணமாக நடக்கிற கோளாறு. உள்ளே நைலான் வைத்த நட்டு போடுங்கள், தினமும் காலையில் ஒருமுறை முடுக்குங்கள், கையில் நாலு மாற்று போல்ட் இருக்கட்டும்.

கூடாரத்தைவிடக் கொசுவலை உதவும். நான்கு மூலையிலும் இரண்டு மீட்டர் கயிறு கட்டிய ஒற்றை ஆள் வலை அரைக் கிலோகூட இருக்காது. மண்டபத் திண்ணையில் முளை அடிக்க முடியாது. தூண், ஜன்னல் கம்பி, சுவரில் சாய்த்த சைக்கிள் என்று கிடைத்ததில் கட்டிக்கொள்ளலாம். பாய், ஒரு போர்வை, இரண்டு செட் துணி, லுங்கி அல்லது நைட்டி, துண்டு, டார்ச், ஆதார் அட்டையின் நகல். பின்பக்கம் சிவப்பு விளக்கு கட்டாயம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம்?

60 முதல் 80 கிலோமீட்டர். முதல் இரண்டு நாள் 50 போதும். வெளிச்சம் வந்ததும் கிளம்பிப் பத்தரைக்குள் முக்கால்வாசியை முடித்துவிடுங்கள். மூன்றரைவரை நிழல். மீதியை ஐந்து மணிக்குள் ஓட்டி நிறுத்துங்கள். ஐந்து மணி என்று சொல்வதற்குக் காரணம் வெளிச்சம் மட்டுமல்ல, கீழே வருகிறது.

முழங்கால் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தொடை உராய்ந்து புண்ணானால் அன்றன்று குளித்து, உலர்ந்த துணி மாற்றி, தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

தண்ணீரும் சாப்பாடும்?

வெயிலில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர் போகும். கையில் எப்போதும் 2 லிட்டர், சாயல்குடி முதல் வேம்பார் வரை 3 லிட்டர் இருக்கட்டும். அந்தத் துண்டில் கடைகள் குறைவு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மோர், நீராகாரம், இளநீர் எதுவும் நல்லது. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் பருவத்தில் பதனீர் கிடைக்கும். காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடியுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் காற்றும் குடிநீரும் கழிவறையும் பொதுமக்களுக்கு இலவசம். பெட்ரோல் போடாதவர் கேட்டாலும் தர வேண்டியதுதான்.

சிதம்பரத்துக்கு முன் மேற்கே கொஞ்சம் விலகி வடலூர் போகலாம். வள்ளலார் 1867 மே 23-இல் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வருகிறவர் யார், என்ன மதம் என்று கேட்பதில்லை. பசி என்றால் பந்தி. கைப்பையும் சைக்கிளும் வெளியே இருக்க, வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இலையை நீங்களே எடுங்கள்.

ராத்திரி தங்க எங்கெல்லாம் இடம் கிடைக்கும்?

மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், நாகை, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் ஆகிய ஊர்களில் லாட்ஜ் இருக்கிறது. அங்கே லாட்ஜில் தங்குங்கள். காசு கொடுத்துத் தங்க முடிகிற ஊரில் இலவச இடம் தேடுவது, அது இல்லாமல் முடியாதவர்களின் இடத்தை எடுப்பது. வேளாங்கண்ணியிலும் ராமேசுவரத்திலும் யாத்திரிகர்களுக்கான அறைகள் குறைந்த வாடகைக்கு உண்டு. நாகூர் தர்காவில் எல்லா மதத்தாரும் வந்து தங்குவது பழைய வழக்கம்.

சிக்கல் நடுவில் உள்ள சிற்றூர்களில்தான். இந்தச் சாலை ராமேசுவர யாத்திரைப் பாதையாக இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழியெங்கும் சத்திரம் கட்டி, தங்கவும் சாப்பிடவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். சேதுபாவாசத்திரம் அப்படி ஒரு சத்திரத்தால் வந்த ஊர். சத்திரம் நின்றுபோனாலும் வழிப்போக்கருக்கு இடம் காட்ட வேண்டும் என்ற எண்ணம் ஊர்களில் இருக்கிறது. இன்றைக்கு அது கல்யாண மண்டபம், கோயில் வெளிமண்டபம், சர்ச் வளாகம், பள்ளிவாசல் திண்ணை, பள்ளிக்கூட வராண்டா, புயல் பாதுகாப்பு மையம் என்று வேறு கட்டடங்களில் கிடைக்கிறது. கடலூர் முதல் நாகை வரை கடலோர ஊர்களில் புயல் மையங்கள் நிறைய. சாவி ஊராட்சித் தலைவரிடமோ வி.ஏ.ஓ.விடமோ இருக்கும். பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியரிடமும் கேட்க வேண்டும், காலை எட்டுக்கு முன் காலிசெய்து பெருக்கிவிட வேண்டும்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

ஐந்து மணிக்கு ஊருக்குள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் டீக்கடையில் ஆள் இருப்பார்கள், பொறுப்பில் உள்ளவர்கள் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள், உங்களை முகம் பார்த்துப் பேச முடியும். இருட்டிய பிறகு வருகிறவரை எந்த ஊரும் சந்தேகமாகத்தான் பார்க்கும். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

சைக்கிளைக் கடையின் எதிரே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்துங்கள். கூலிங்கிளாஸ், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். டீ சொல்லுங்கள். நீங்கள் கேட்பதற்கு முன் அவர்களே கேட்பார்கள்: எங்கிருந்து, எங்கே, எதுக்கு, சைக்கிள் என்ன விலை. பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். சின்னப் பையன்கள் பெல்லை அடித்துப் பார்க்கட்டும். டீ முடிந்த பிறகு கடைக்காரரிடம் இப்படிக் கேட்கலாம்:

"அண்ணே, மெட்ராஸ்ல இருந்து கன்னியாகுமரி போறோம். ரெண்டு பேரு. விடியக்காலம் கிளம்பிருவோம். ராத்திரி படுக்க இந்த ஊர்ல மண்டபம், கோயில் வாசல் மாதிரி எதுவும் இருக்குங்களா? யாருகிட்ட கேக்கணும்?"

எத்தனை பேர், எப்போது கிளம்புவீர்கள், எவ்வளவு சின்ன இடம் போதும் என்று மூன்றும் இதில் வந்துவிடுகிறது. "உங்க வீட்ல தங்கலாமா" என்று கேட்காதீர்கள். வீட்டில் பிள்ளைப்பேறு இருக்கலாம், பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கலாம், ஒரே அறை இருக்கலாம். மறுக்க மனமில்லாமல் சரி சொல்லிவிட்டு அவர்கள் தவிப்பார்கள். இடத்தைக் கேட்டால் வீடு தர விரும்புகிறவர் தானாகவே தருவார், விரும்பாதவர் மண்டபத்தைக் காட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்.

தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் கடைக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிடுங்கள். சர்ச்சில் ஃபாதர், சிஸ்டர். பள்ளிவாசலில் பாய் என்றோ ஹஜ்ரத் என்றோ அழைத்து, தொழுகை முடிந்து வெளியே வந்த பிறகு பேசுங்கள். வயதான அம்மா யாரானாலும் அம்மாதான், ஆச்சி, பாட்டி என்பதை அந்த ஊரார் கூப்பிடுவதைக் கேட்டபின் சொல்லலாம். நாகை மாவட்ட மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்வதுதான் முடிவு. ஒரு வீட்டார் சம்மதித்தாலும் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இடம் கொடுத்தவரை மறுநாள் ஊர் கேள்வி கேட்கும்.

இடம் இல்லை என்று சொல்லிவிட்டால்?

"சரிங்கண்ணே, பரவாயில்லை. அடுத்த ஊர்ல யாரைப் பார்க்கலாம்?" இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பெயரும், சில சமயம் ஒரு போன் அழைப்பும் கிடைக்கும். ஒருவர் போன் போட்டுச் சொல்லி அனுப்பினால் அடுத்த ஊரில் நீங்கள் அந்நியர் இல்லை. அதுவும் முடியாவிட்டால் விடிய விடியத் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க்கில் மேனேஜரிடம் கேளுங்கள், விளக்கும் ஆளும் தண்ணீரும் இருக்கும். காவல் நிலையத்தில் போய்த் தகவல் சொன்னால் எங்கே படுப்பது பாதுகாப்பு என்று அவர்களே சொல்வார்கள். இதற்கெல்லாம் நேரம் வேண்டும், ஐந்து மணிக்கு நிறுத்தச் சொல்வது இதற்காகவும்தான்.

வீட்டுக்கே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால் என்ன செய்வது? காசு கொடுக்கலாமா?

கையில் காசு நீட்டாதீர்கள். சோறு போட்டவருக்கு அது அவமானம். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், வாழைப்பழம், பிஸ்கட், கால் கிலோ காபித்தூள் என ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். வீட்டுக்காரரிடம் கொடுத்தால் மறுப்பார், வீட்டுக் குழந்தையிடமோ பெரியவரிடமோ கொடுங்கள். கோயிலில் சாப்பிட்டால் அன்னதான உண்டியல், சர்ச்சில் தங்கினால் காணிக்கைப் பெட்டி. சைக்கிள் கடைக்காரர் "இருக்கட்டும் தம்பி" என்று சொன்னாலும் கூலியைக் கொடுத்துவிட்டே வாருங்கள். அது அவர் தொழில்.

உங்களுக்காக உலை வைத்தால் ஏழு மணிக்கு முன்பே சைவமா அசைவமா என்று சொல்லிவிடுங்கள். மீன் வாங்க ஆள் அனுப்பிய பிறகு சொல்வது பெரிய சங்கடம். சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, இரண்டாம் முறை கேட்கும்போது அளவாக வாங்குங்கள். கடைசியில் சாப்பிடுகிற பெண்களுக்கு மிஞ்ச வேண்டும். ஒரு ராத்திரிக்கு மேல் தங்காதீர்கள். ஊருக்குத் திரும்பியதும் போன் பண்ணிச் சொல்லுங்கள். வீட்டாரைப் படம் எடுத்து இணையத்தில் போடுவதாக இருந்தால் அவர்களைக் கேட்ட பிறகுதான், வீட்டு இடத்தைக் குறிப்பிடாமல்தான்.

"நீங்க எந்த ஆளுங்க" என்று சாதியைக் கேட்டால்?

கேட்பார்கள். சில இடங்களில் நேராக, சில இடங்களில் ஊர், தெரு, குலதெய்வம் என்று சுற்றி வளைத்து. "சென்னைங்க, கம்பெனியில வேலை" என்று ஊரையும் வேலையையும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். மறுபடி கேட்டால் "அதெல்லாம் பார்க்கிறதில்லைங்க" என்று அமைதியாகச் சொன்னால் போதும். பொய்யாக ஒன்றைச் சொல்லி இடம் வாங்காதீர்கள். ஊரில் முதலில் கண்ணில் படும் டீக்கடையில் நிற்பது போலவே காலனியில் உள்ள கடையிலும் நில்லுங்கள், அங்கேயும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அங்கே சாப்பிட வேண்டாம் என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். வழிப்போக்கராக இருப்பதில் உள்ள சுதந்திரத்தை இதற்குப் பயன்படுத்தாமல் வேறு எதற்குப் பயன்படுத்துவது?

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். இடம் கேட்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். டீக்கடைக்குப் பதிலாகப் பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்கா, மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், கன்னியர் மடம். மண்டபத்தில் தனியாகப் படுப்பதைவிடப் பெண்கள் உள்ள வீட்டில் படுப்பது நல்லது. ராத்திரி எங்கே தங்குகிறீர்கள் என்று வீட்டுக்கு இருப்பிடத்தை அனுப்புங்கள், அனுப்புவது இடம் கொடுத்தவருக்கும் தெரியட்டும். மறுநாள் எந்தப் பக்கம் என்று டீக்கடையில் கேட்கிற எல்லோருக்கும் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை. அவசர எண் 112, மகளிர் உதவி எண் 181. தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியைக் கிளம்பும் முன்பே போட்டு வையுங்கள்.

கடற்கரையில் கூடாரம் போடலாமா?

வேண்டாம். மீனவ ஊர்களில் கடற்கரை என்பது வேலை செய்யும் இடம். விடியுமுன் படகு ஏறும், வலை காயும், ஏலம் நடக்கும். ஆளில்லாத கரை என்றால் கடலோரக் காவல் குழும போலீஸ் ரோந்து வரும். ராமநாதபுரம் கரையில் இலங்கை பக்கத்தில் இருப்பதால் விசாரணை கடுமையாகவே இருக்கும். கோடியக்கரை வனத்துறை இடம், மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, கூடங்குளம் அணுமின் நிலையச் சுற்றுப்புறம் ஆகியவற்றில் தங்கவே கூடாது. அரிச்சல்முனையிலிருந்து மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

வெளிநாட்டு நண்பரை அழைத்துப் போகிறேன். அவரும் வீடுகளில் தங்கலாமா?

வெளிநாட்டவர் தங்கினால் இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். லாட்ஜுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இது பொருந்தும். அன்பாக இடம் கொடுத்த குடும்பத்தை இதில் மாட்டிவிடாதீர்கள். அவருக்கு லாட்ஜ் உள்ள ஊர்களாகப் பார்த்துத் தூரத்தைப் பிரியுங்கள்.

சாலையில் எதற்கு உஷாராக இருக்க வேண்டும்?

பேருந்துக்கு. முந்தும்போது எதிரே சைக்கிள் வருவதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எதிரே பேருந்தைப் பேருந்து முந்தி வந்தால் தயங்காமல் மண்ணில் இறங்கிவிடுங்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி வரை வார இறுதி நாட்களைத் தவிருங்கள்.

தை, மாசியில் சீர்காழியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை அறுவடை. வைக்கோல் சாலையில் காயும். வைக்கோல்மேல் ஓட்டினால் கியர் சைக்கிளின் பின்பக்கச் சிறு சக்கரங்களில் சுற்றிக்கொண்டு, அந்தக் கியர் கையையே ஸ்போக்ஸுக்குள் இழுத்துவிடும். இறங்கித் தூக்கி நடப்பதுதான் சரி. நெல் காய்கிற இடத்தில் சுற்றிப் போங்கள். அது ஒருவருடைய பல மாத உழைப்பு.

நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தோலுக்குள் போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போட வேண்டும். பயணத்தில் இருந்தாலும் எந்த அரசு மருத்துவமனையிலும் அடுத்த ஊசியைத் தொடரலாம், சீட்டைத் தொலைக்காதீர்கள்.

உப்புக்காற்றில் சைக்கிள் துருப்பிடிக்காதா?

பிடிக்கும். தினமும் சாயங்காலம் ஈரத்துணியால் துடையுங்கள், கடல்நீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். செயினை முதலில் உலர்ந்த துணியால் பிடித்துச் சுற்றி மணலை எடுத்துவிட்டு, 150 கிலோமீட்டருக்கு ஒருமுறை கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். மேலாக வழிவதைத் துடைத்துவிடுங்கள். மணலோடு எண்ணெய் விட்டால் அது செயினை அரைக்கும் மாவாகிவிடும்.

கன்னியாகுமரியிலிருந்து சைக்கிளோடு எப்படித் திரும்புவது?

ரயிலில். நாகர்கோவில் சந்திப்பில் ஏறுவது வசதி. ரயில் கிளம்ப மூன்று நான்கு மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்துக்குப் போய், பயணச்சீட்டைக் காட்டி, அதே வண்டியில் லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். பார்சலாகப் போட்டால் வேறு வண்டியில் வேறு நாளில் வரும். பைகள், விளக்கு, பம்ப், தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுங்கள். கியர் கையைச் சுற்றி அட்டை மடித்துக் கட்டி, ஹேண்டில்பாரைத் திருப்பி, சாக்கால் சுற்றித் தையுங்கள். பெயர், போன் எண், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிய அட்டை இரண்டு, இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். ஆதார் நகல் ஒன்று கேட்பார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், இறங்கியதும் அதைக் காட்டித்தான் எடுக்க முடியும். சென்னையில் இறங்கிய உடனே பார்சல் பெட்டி இருக்கும் முனைக்குப் போய்விடுங்கள். இறக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்றால் சைக்கிளைத் தூக்கிப் போடாமல் கையில் கொடுப்பார்கள்.